அழுகும் பொருள்

இராஜாக்கமங்கலம் துறை
9 செப்டம்பர் 2024

ஏட்டி கொச்சு,

இந்தப் பெயரை எழுதக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். ஞானஸ்நானப் பெயரை முழுசாக, சிறுபுஷ்பம் என்று, தாசில்தாருக்கு மனு எழுதுகிற மாதிரி எழுத நினைத்தேன். கை கேட்கவில்லை. ஐந்தாம் வகுப்புக் கை, பழகினதைத்தான் எழுதுகிறது.

ஒரு வருஷமாக உன் போனை நான் எடுக்கவில்லை. அஜிஷா, "சித்தி கரையுதா அம்மா, ஒரு வட்டம் பேசு" என்று போனைக் கொண்டுவந்து காதில் வைக்கிறாள். தட்டிவிடுவேன். பேசினால் எனக்கும் அழுகை வரும், அதை நீ கேட்பாய். காகிதத்தில் அழுதால் காய்ந்துவிடும், உனக்குத் தெரியாது.

போன மாதம் பதினேழாம் தேதி சிஜினுக்கு ஆண்டுத் திருப்பலி கொடுத்தேன். பூசை முடிந்தால் குழியில் மெழுகுதிரி கொளுத்த வேண்டும். நான் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் அவன் அப்பா குழியில் ஒன்று கொளுத்தினேன். இன்னொன்று கையில் இருந்தது. மகனுக்கு எங்கே கொளுத்த? சாமியார் நல்ல மனுஷன்தான், வயசு காணாது. "கடலைப் பார்த்துக் கொளுத்துங்க அம்மா" என்றார்.

"அவன் கடலுல இல்ல சாமி. மண்ணுல கெடக்கான். வேற எவனுக்கோ மண்ணுல" என்று சொல்லிவிட்டு, அந்தத் திரியை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன்.

கொச்சு, பதினோரு நாள் காத்திருந்தவளுக்குப் பன்னிரண்டாம் நாள் காத்திருக்க முடியாதா? பன்னிரண்டாம் நாள் காலையில் நாகர்கோவிலில் இருந்து போன் வந்தது, டெல்லியில் இருந்து தாள் வந்துவிட்டது, பிள்ளையைக் கொண்டுவரலாம் என்று. பதினோராம் நாள் சாயங்காலம் நீ அவன்மேல் மண்ணைத் தள்ளிவிட்டாய். உனக்கு என்ன அவசரம்? உலையில் அரிசி கிடந்ததா?

உன் புருஷன் பெரிய ஆளாகிவிட்டானாமே. இரண்டு நாடும் ஒட்டிக்கொள்ள வேண்டுமாம். பாலம் வேண்டுமாம், கடலுக்கு அடியில் கரண்டுக் கம்பி வேண்டுமாம். ஏதோ கூட்டத்தில் சூசைதாசன் மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசுவதை அஜிஷா போனில் காட்டினாள். நம் ஊர்ப் பக்கத்து அகதி முகாமில் இருந்துகொண்டு வீடு வீடாகச் சுண்ணாம்பு அடித்தவன். ஒரு சுவரை ஒழுங்காக வெளுக்கத் தெரியாதவன் இரண்டு நாட்டை ஒட்டவைக்கப் போகிறான். நாடு இல்லாதவனைக் கட்டாதே என்று அன்றைக்கே சொன்னேன். கேட்டாயா?

என் பிள்ளையை எடுத்து அனுப்பு. அவன் அப்பா பக்கத்தில் அவனைக் கிடத்த வேண்டும். வேறொன்றும் நான் உன்னிடம் கேட்கவில்லை.

அக்னேஸ்


கற்பிட்டிப் பக்கம்
4 அக்டோபர் 2024

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் இருபத்தோரு நாள் கழித்து வந்தது. நீ திட்டியிருந்தாலும் மூன்று தரம் வாசித்தேன். 'ஏட்டி கொச்சு' என்ற இடத்தை மட்டும் அதற்கு மேலும் வாசித்தேன்.

என்ன நடந்தது என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

படகோட்டி அல்போன்ஸ் அண்ணன் சிஜினோடு படகை இந்தக் கரையில் விட்டபோது நான் அங்கே நின்றேன். நங்கூரம் இழுக்கிற வின்ச் கயிறு அறுந்து நெஞ்சில் அடித்து, பிள்ளை செத்து ஒன்றரை நாள் ஆகியிருந்தது. அதிகாரிகள் வந்து படகையும் ஒன்பது ஆட்களையும் பிடித்துக்கொண்டு போனார்கள். சிஜினை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பாஸ்போர்ட் எங்கே என்று கேட்டார்கள். கடலுக்குப் போகிறவனிடம் ஏது பாஸ்போர்ட்? மீனவர் அட்டை இருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது இங்கே செல்லாது" என்றார்கள்.

தினமும் இரண்டு பஸ் ஏறிப் போய் வாசலில் இருந்தேன். இவர் கொழும்புக்கும் கற்பிட்டிக்கும் அலைந்தார். உங்கள் பக்கத்துத் தாள் வந்தால் எங்கள் பக்கம் பார்ப்பார்களாம். எங்கள் பக்கத்துத் தாள் போனால் உங்கள் பக்கம் பார்ப்பார்களாம். ஒன்பதாம் நாள் குளிர் அறை பழுதாகிப் போனது. பத்தாம் நாள் உள்ளே இருந்து ஒருவர் வந்து, "இன்றைக்கோ நாளைக்கோ யாராவது பொறுப்பெடுங்கள், இல்லாவிட்டால் நம்பர் போட்டு நாங்களே புதைப்போம்" என்றார்.

அக்கா, நம்பர். நம் சிஜினுக்கு.

நான் கையெழுத்துப் போட்டேன். 'உறவு: தாயின் தங்கை' என்று எழுதினேன். மாமா, இவருடைய அப்பா, தனக்கென்று வைத்திருந்த குடும்பக் குழியைக் கொடுத்தார். "இந்தியாக்காரப் பெடியனுக்கு எங்கட இடமோ" என்று கொழுந்தன் பெண்சாதி முணுமுணுத்தாள். "என்ட குழி, நான் ஆருக்கும் குடுப்பன்" என்று மாமா ஒரு அதட்டு அதட்டினார். இவருடைய கல்யாணச் சட்டையைப் போட்டு அனுப்பினேன். சின்ன வயதில் அவனைக் குளிப்பாட்டினவள்தானே நான்.

குடும்பக் குழியை இரண்டு வருஷம் ஆகாமல் திறக்கக் கூடாது என்பது இங்கத்தைய வழக்கம். அடுத்த ஆகஸ்டுக்குப் பிறகுதான் எதுவும். அதற்கும் இரண்டு அரசாங்கமும் சம்மதிக்க வேண்டும்.

நீ இவரைச் சுண்ணாம்புக்காரன் என்று எழுதியிருக்கிறாய். ஓம், சுண்ணாம்பு அடித்தார். பாலம் வேண்டும் என்று இவர் கதைப்பது மைக்குக்கு ஆசைப்பட்டு இல்லை. அந்தப் பதினோரு நாளும் தாளுக்காக அலைந்தவர் அவர். ஒரு பாலம் இருந்திருந்தால் ஒரு வண்டி பிடித்து, ஒரே பகலில் உன் வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கியிருப்போம். அதுதான் அவருடைய பாலம். நீ சிரி.

கொச்சு


இராஜாக்கமங்கலம் துறை
3 நவம்பர் 2024

கொச்சு,

சிரித்தேன். நீ சொன்னதால் இல்லை, தானாக வந்தது.

'ஓம்'. 'ஆசுபத்திரி'. 'கதைப்பது'. ஏட்டி, நீ இந்தத் துறையில் இருந்து சாளை மீனைத் தலையில் தூக்கிக்கொண்டு நாலு ஊர் கேட்கக் கூவி விற்றவள். பதினோரு வருஷத்தில் நாக்கைக் கழற்றி வேறு நாக்கு மாட்டிவிட்டார்களா? நாடு ஒட்டாமலே நீ இவ்வளவு ஒட்டிக்கொண்டாய், இதற்கு மேல் பாலம் எதற்கு?

பாலம் இருந்தால் வண்டியில் கொண்டுவந்திருப்பாளாம். பாலத்தின் நடுவில் ஒரு கேட்டுப் போடுவான்கள், கொச்சு. இந்தப் பக்கம் ஒருத்தன் தாள் கேட்பான், அந்தப் பக்கம் ஒருத்தன் தாள் கேட்பான். பிள்ளை நடுவில் வெயிலில் கிடப்பான். கடலிலாவது காற்று உண்டு.

நேற்று ஆத்துமாக்கள் திருநாள். ஊர் முழுக்கக் கல்லறைத் தோட்டத்தில் வெளிச்சம். நான் போகவில்லை. போனால் எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். பிறகு ஒருத்தி சொல்லுவாள், "அந்த அல்போன்ஸுப் பயலால வந்தது" என்று. அதைக் கேட்கத்தான் சங்கடம்.

அல்போன்ஸ் நாலு மாசம் கழித்து ஊருக்கு வந்துவிட்டான் என்று உனக்குத் தெரியும். படகு வரவில்லை. அங்கே கிடந்து துரு ஏறுகிறது. படகு முதலாளி அவனைத் தெருவில் கண்டால் துப்புகிறான். வேறு எந்தப் படகிலும் அவனுக்கு இடம் இல்லை. இப்போது கொத்தனாருக்கு மண் சுமக்கிறான். அவன் வந்த அன்று நானும் போனேன். அவன் வாசலில் மண்ணை அள்ளித் தூற்றினேன். "எனக்க பிள்ளைய அன்னிய நாட்டுல கொண்டு தள்ளிட்டு நீ மட்டும் திரும்பி வந்தியாலே" என்று கேட்டேன். அவன் பெண்டாட்டி உள்ளே இருந்து அழுதாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

பேசாமல் நிற்கிறவனைத் திட்டுகிற மாதிரி அலுப்பு வேறு இல்லை.

மனு போட்டிருக்கிறேன். வக்கீல் எழுதித் தந்தார். கலெக்டர் ஆபீசில் ஒரு பெண் வாங்கிப் பார்த்துவிட்டு, "அம்மா, இது வெளியுறவு" என்றாள். "மக்கா, இது உள்ளுறவு, எனக்க வயித்துல கெடந்தவன்" என்றேன். அவள் சீல் குத்தித் தந்தாள். கெட்டிக்காரி.

குழி கொடுத்த உன் மாமனாருக்கு என் தோத்திரம் சொல்லு. உன் புருஷனுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

அக்னேஸ்


கற்பிட்டிப் பக்கம்
12 ஜனவரி 2025

அக்கா,

நாகப்பட்டினம் கப்பலில் ஒரு கன்னியாஸ்திரி வருகிறா. அவவிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். தபால் டெல்லியைச் சுற்றி வருவதற்குள் கோபம் பழசாகிவிடுகிறது.

உறைக்குள் துணியில் சுற்றி ஒன்று வைத்திருக்கிறேன். சிஜின் கழுத்துக் கயிற்றில் கிடந்த மாதா படத் துணி, அவன் உத்தரியம். ஆசுபத்திரியில் கழற்றித் தந்தார்கள். ஒன்றரை வருஷம் நான் வைத்திருந்தேன். கொடுக்க மனம் வரவில்லை, அதற்கு மன்னித்துக்கொள்.

நீ பாலத்தைப் பற்றி எழுதியதை மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். படுக்கையில் கிடந்தபடியே, "உன்ட கொக்காவுக்கு மூளை இருக்கு பிள்ளை" என்றார். அவருக்குப் பாலமும் வேண்டாம், கம்பியும் வேண்டாம். பெரிய வீட்டுக்காரனும் சின்ன வீட்டுக்காரனும் நடுச் சுவரை இடித்தால் பெரிய வீட்டு மாடுதான் சின்ன வீட்டில் வந்து மேயும் என்கிறார். "முதலில வாறது ஆக்கள் இல்லை, இந்தியாக்காரன்ட இழுவைமடி தான்" என்று இவரைப் பார்த்துக் கத்துகிறார். எங்கள் மீனவர் சங்கத்திலும் பாதிப் பேர் அப்படித்தான். உங்கள் கரைப் படகுகள் வந்து கடலின் அடியைச் சுரண்டிக்கொண்டு போனதை இங்கே ஒருவரும் மறக்கவில்லை. சிஜின் தூண்டில்காரன், இழுவைக்காரன் இல்லை என்று நான் எத்தனை பேரிடம் சொல்ல? அவனுக்காக அழுதபோதுகூட ஒருத்தி கேட்டாள், "அவன் எங்கட மீனைப் பிடிக்க வந்தவன் தானே" என்று. உனக்கு மட்டும்தான் எளக்காரம் உண்டு என்று நினைக்காதே. இங்கேயும் நிறையக் கிடக்கிறது. நான் தினமும் தின்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இவர் பேசின கூட்டத்தைக் கொழும்பில் போட்டவர்கள் பிப்ரவரியில் நாகர்கோவிலில் ஒரு கூட்டம் வைக்கிறார்கள். இரண்டு நாடும் இன்னும் நெருங்கலாமா, வியாபாரம், கரண்டு, பணம், போக்குவரத்து எல்லாவற்றையும் பற்றி. கடைசியில் ஒரு அறிக்கை எழுதி இரண்டு அரசாங்கத்துக்கும் கொடுப்பார்களாம். இவர் உன் பெயரைக் கொடுத்திருக்கிறார்.

போ அக்கா. ஒரே ஒரு வரி கேள். கடலில் செத்தவனை, எந்தக் கரையில் ஏற்றினாலும், பாஸ்போர்ட் கேட்காமல் மூன்று நாளில் அவன் ஊருக்குச் சேர்க்க வேண்டும். அந்த வரி அறிக்கையில் ஏறினால், அதைக் காட்டிச் சிஜினையும் கேட்கலாம் என்று இவர் சொல்கிறார்.

உனக்கு இவரைப் பிடிக்காது. சிஜினுக்காகப் போ.

கொச்சு


இராஜாக்கமங்கலம் துறை
20 பிப்ரவரி 2025

கொச்சு,

உத்தரியம் வந்தது. அதைப் பற்றி இப்போது எழுத மாட்டேன்.

போனேன். அஜிஷாவும் கூட வந்தாள். ஏசி மண்டபம். வாசலில் கழுத்தில் ஒரு அட்டை மாட்டிவிட்டார்கள். எல்லாருடைய அட்டையிலும் பெயர். என் அட்டையில் 'பாதிக்கப்பட்டோர்'. பெயர் எழுத இடம் இருந்தது, எழுதவில்லை. பிள்ளைக்கு நம்பர் போடப் பார்த்தார்கள் என்று எழுதினாயே, தாய்க்கு அதுவும் இல்லை.

மேடையில் ஏழு பேர். பெரிய வேலையில் இருந்து ஓய்வு பெற்ற ஒருத்தர்தான் தலைவர். நாம் எல்லாரும் ஒரே குடும்பம் என்று ஆரம்பித்தார். நல்ல வயிறு, குடும்பத்தை அவர் ஒருத்தரே தின்றிருப்பார். அடுத்து ஒரு காலேஜ் வாத்தியார். ஐரோப்பாவில் எல்லையே கிடையாது, காலையில் ஒரு நாட்டில் காப்பி குடித்துவிட்டு மத்தியானம் இன்னொரு நாட்டில் சாப்பிடலாம் என்றார். இவருக்குச் சாப்பாடுதான் கணக்கு. ஆரல்வாய்மொழியில் காற்றாடி சுற்றினால் கொழும்பில் பல்பு எரியும் என்றார் ஒருத்தர். எங்கள் தெருவில் நாலு நாளாகப் பல்பு எரியவில்லை, அதை யாரிடம் கேட்க?

எதிர்த்துப் பேசவும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தன், அவர்கள் வந்து நம் வேலையைப் பறிப்பார்கள் என்றான். நம் பிள்ளைகள் எல்லாம் வளைகுடாவில் கிடக்கிறார்கள், இங்கே பறிக்க என்ன வேலை இருக்கிறது என்று தெரியவில்லை. இன்னொருத்தன், அந்த நாட்டுக்குக் கொடுத்தது போதும், இனி அவர்கள் நமக்கு அடங்கி நடக்க வேண்டும் என்றான். இவன் வீட்டு நாய்கூட இவனுக்கு அடங்காது, மூஞ்சியைப் பார்த்தாலே தெரியும். நெருங்க வேண்டும் என்கிறவனும் வேண்டாம் என்கிறவனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே தட்டில் முந்திரிப்பருப்பு எடுத்துத் தின்றார்கள். அவர்களுக்குள் நல்ல நெருக்கம்.

பிறகு வெங்காய வியாபாரி ஒருத்தர். உண்மையாகவே கண் கலங்கிப் பேசினது அவர் மட்டும்தான். துறைமுகத்தில் நாலு நாள் தாள் பார்க்கிறார்களாம். அதற்குள் வெங்காயம் முளைத்துவிடுகிறதாம். அவருக்கு எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். தலைவர் கையில் இருந்த தாளைத் தூக்கிக் காட்டி, "பதினாலாம் பக்கத்தில் இருக்கிறது, அழுகும் பொருள்களுக்கு இருபத்துநாலு மணி நேரத்தில் அனுமதி, இதில் இரண்டு தரப்பும் ஒத்துப் போய்விட்டோம்" என்றார்.

என்னைக் கூப்பிட்டார்கள். இரண்டு நிமிஷம். மைக் என் உயரத்துக்கு வரவில்லை. ஒரு பெண் வந்து இறக்கிவிட்டாள்.

"அம்மா, பாலம் வேணுமா வேண்டாமா, சுருக்கமா சொல்லுங்க" என்றார் தலைவர்.

"பாலம் ஒங்களுக்கு சார். நான் கேக்கது வேற. அந்த அழுகும் பொருளுன்னு சொன்னியளே, அதுல என்னெல்லாம் சேரும்?"

அவர் சிரித்தார். "காய்கறி, பழம், பூ, மீன்..."

"மீனும் சேருமா?"

"கண்டிப்பா. உங்களுக்கு நல்லதுதானே அம்மா."

"எனக்க மொவன் மீன் பிடிக்கப் போனவன். பதினோரு நாள் அங்க கெடந்தான். அவன் அழுகும் பொருளுல சேருவானா, சேரமாட்டானா?"

தலைவர் கையில் இருந்த தாளைப் புரட்ட ஆரம்பித்தார். நீ சொன்ன ஒரு வரியை அப்புறம் கேட்டேன், மூன்று நாள், பாஸ்போர்ட் இல்லாமல். எழுதிக்கொள்கிறோம் என்றார்கள். அப்போது பின்னால் இருந்து ஒருத்தன் கைதட்டினான். அவனைப் பார்த்து எல்லாரும் கைதட்டினார்கள். பிள்ளையைப் பறிகொடுத்துக் கைதட்டு வாங்கினவள் இந்த ஜில்லாவில் நான் ஒருத்திதான். ஒரு சால்வையும் போட்டார்கள். அது மீன் வைக்கிற சருவத்தை மூட ஆகும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அஜிஷா ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, "அம்மா, அண்ணனை அக்கரைக்குக் கொண்டுபோனது அல்போன்ஸ் மாமா தப்புன்னு அங்க ஏன் நீ சொல்லல?" என்று கேட்டாள். நேரம் இல்லை என்று சொன்னேன்.

அக்னேஸ்


கற்பிட்டிப் பக்கம்
25 செப்டம்பர் 2025

அக்கா,

மாமா இந்த மாதம் முதல் வாரம் இறந்துபோனார். எண்பத்தொரு வயது. இரண்டு வருஷமும் ஆகிவிட்டது, குழியும் அவருடையதுதான். திறந்தார்கள்.

குழி திறந்தால் முன்பு கிடந்தவரின் எலும்பைச் சேர்த்துப் பெட்டியில் வைக்க வேண்டும். குழி வெட்டுகிறவர் செய்கிறேன் என்றார். நான்தான் இறங்கினேன். இது கடல் மணல், அதிகம் மிச்சம் வைக்காது. இவருடைய கல்யாணச் சட்டைப் பொத்தான் ஐந்தும் அப்படியே கிடந்தது. பெட்டியைக் கோவிலில் பூசைச் சாமான் வைக்கிற சக்கிறீஸ்து அறையில் வைத்திருக்கிறேன். இவ்வளவுதான், அக்கா. ஒரு ஆள் சுமக்கலாம்.

உன் கூட்டத்து அறிக்கை புத்தகமாக வந்தது. நாற்பத்தெட்டுப் பக்கம். வெங்காயத்துக்கு ஒரு முழுப் பக்கம். உனக்கு ஒரு வரி, 'மீனவர் குடும்பங்களின் உணர்வுகள் கருத்தில் கொள்ளப்படும்'. வாசித்துவிட்டு இவர் புத்தகத்தைத் தூக்கி எறிந்தார். பிறகு போய் எடுத்துவந்து, தூசி தட்டி, அலமாரியில் வைத்தார். அடுத்த கூட்டத்துக்கும் போவார். நீ சிரிப்பாய். இவரை எனக்குப் பிடித்தது அதற்காகத்தான்.

பெட்டியை அனுப்ப அனுமதி கேட்டோம். மாட்டோம் என்று சொல்லவில்லை. கோப்பைப் பார்த்த அதிகாரி நல்லவர், தமிழும் தெரியும். இரண்டு தாளை எடுத்து எங்கள் முன்னால் வைத்தார்.

ஒன்று உன் மனு. 'எனக்குத் தெரியாமல், என் சம்மதம் இல்லாமல், படகோட்டி என் மகனின் உடலை அன்னிய நாட்டுக்குக் கொண்டுபோனார்' என்று இருக்கிறது.

மற்றது அல்போன்ஸ் அண்ணன் இங்கே கொடுத்த வாக்குமூலம். 'எஞ்சின் பாதி வேகம்தான் ஓடியது. எதிரே மேல்காற்று. ஊருக்கு ஐந்து நாள், இந்தக் கரைக்கு ஒரு நாள். சாட்டிலைட் போனில் தாயிடம் கேட்டேன். தாய் சொன்னதால் வந்தேன்.'

இரண்டும் ஒத்துப்போகாத வரை கோப்பு நகராது. எது உண்மை என்று தாய் சத்தியக் கடதாசி எழுதித் தர வேண்டும்.

எனக்கு முதல் நாளே தெரியும். படகில் இருந்து இறங்கும்போதே அண்ணன் சொன்னார். "ஒங்க அக்கா சொல்லித்தான் வந்தேன் கொச்சு, நீ இருக்கன்னு சொன்னாவ" என்றார். அதற்குப் பிறகுதான் அவருக்கு விலங்கு போட்டார்கள்.

நீ என்னைத் திட்டி எழுதினாய், நான் பொறுத்தேன். இவரைத் திட்டினாய், பொறுத்தேன். கூட்டத்தில் இருந்த ஏழு பேரையும் திட்டினாய், நானும் கூடச் சிரித்தேன். அந்த மனுஷன் வாசலில் மண் தூற்றினேன் என்று நீ எழுதிய இடத்தை மட்டும் நான் இரண்டாம் தரம் வாசிக்கவில்லை. உனக்கு வெட்கம் இல்லையா அக்கா? படகு போய், பிழைப்புப் போய், ஊர் துப்பத் துப்ப, ஒரு வார்த்தை பேசாமல் நிற்கிறார். உன் பிள்ளைக்குப் பக்கத்தில் ஒன்றரை நாள் இருந்தவர். எளக்காரம் உனக்கு நன்றாக வருகிறது. உண்மை எழுத வருமா?

எழுதினால் பெட்டி வரும்.

கொச்சு


இராஜாக்கமங்கலம் துறை
27 அக்டோபர் 2025

ஏட்டி கொச்சு,

உன் கடிதத்தை அஜிஷாவை வாசிக்க விடவில்லை. நானே எழுத்துக் கூட்டி வாசித்தேன். ஒரு நாள் ஆயிற்று.

அன்று போனில் அல்போன்ஸ் அழுதான். "அக்கா, ஐஸ் அறையில வச்சு ஊருக்குக் கொண்டு வரட்டா, இல்ல அந்தக் கரைக்கு விடட்டா? நீங்க சொல்லுங்க" என்றான். ஐஸ் அறை என்றால் எனக்குத் தெரியும். சிஜின் அப்பாவோடு கல்யாணம் ஆன புதுசில் ஒரு தடவை இறங்கிப் பார்த்திருக்கிறேன். இந்தப் பக்கம் சுறா, அந்தப் பக்கம் சூரை, நடுவில் கரைகிற ஐஸ், ரத்தத் தண்ணி. நான் சொன்னேன், "மீனோட மீனாட்டு எனக்க பிள்ளையக் கிடத்தாதலே. அங்க கொச்சு உண்டு. நம்ம ஆளுவதான். அவ குளிப்பாட்டி அனுப்பிருவா."

அடுத்த ஊருக்கு அனுப்புகிற மாதிரிச் சொன்னேன். அதே சாமி, அதே பாஷை, அதே கடல். இடையில் ஒரு கோடு உண்டு என்று எனக்குத் தெரியாதா? தெரியும். பிணத்துக்கும் அந்தக் கோடு உண்டு என்று தெரியாது. இரண்டு நாட்டையும் ஒட்டவைக்கிறவர்களைப் பார்த்து இவ்வளவு சிரித்தேனே, அவர்களுக்கு முன்னாலேயே ஒட்டவைத்த மடைச்சி நான்தான். மைக்கும் முந்திரிப்பருப்பும் இல்லாமல், ஒரே ஒரு போனில்.

குழி மூடின செய்தி வந்தபோது ஊரில் எல்லாரும், "எவன்டி அக்கரைக்குக் கொண்டுபோனது" என்று கேட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அவ்வளவுதான் செய்தேன். மிச்சத்தை ஊர் செய்தது. பிறகு நானும் அதை நம்பினேன். மண் தூற்றினபோது நிஜமாகவே நம்பினேன்.

வக்கீலிடம் போனேன். "இதை எழுதினா இந்தப் பக்கம் நஷ்டஈடு கேக்க முடியாதும்மா, யோசிச்சுக்கோங்க" என்றார். "யோசிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு சார், எழுதுங்க" என்றேன். கையெழுத்து அசிங்கமாக விழுந்தது. ஆனால் என் கையெழுத்து.

அடுத்து அல்போன்ஸ் வீடு. பட்டப்பகலில், தெருவில் ஆள் இருக்கும்போதே போனேன். அவன் பெண்டாட்டி என்னைக் கண்டதும் வாசல் விளக்குமாற்றை எடுத்தாள். அவள்மேல் தப்பு இல்லை.

"மண்ணு தூத்த வந்தியளா?" என்றாள்.

"தூத்தின மண்ணை வார வந்தேன்" என்றேன். "ஏலே அல்போன்ஸ், நான் சொல்லித்தான் நீ கொண்டுபோனன்னு ஊருல ஏம்லே சொல்லல?"

அவன் மண் சுமந்த தோளோடு வந்து நின்றான். "ஒங்களுக்கு ஒரு பிள்ள போச்சு. அதுக்க மேல இதையும் எதுக்கு ஒங்களுக்க தலையில வைக்க" என்றான்.

"அதுக்கு ஒனக்க தலையிலயா?"

"எனக்கு மண்ணு சுமந்து பழகிப் போச்சு அக்கா."

அவன் பெண்டாட்டி சிரித்துவிட்டாள். பிறகு அழுதாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சாமியாரிடம் மைக்கை வாங்கி ஊருக்குச் சொன்னேன். யாரும் கைதட்டவில்லை. படகு முதலாளி எழுந்து போய்விட்டான். அல்போன்ஸை இனி எவனாவது படகில் ஏற்றுவானா, தெரியாது. கேட்டுக்கொண்டு திரிகிறேன்.

பெட்டி வரும் நாளைச் சொல்லு. உன் புருஷன் கொண்டுவரட்டும், நாகப்பட்டினத்தில் நான் நிற்பேன். ஒரு ஆள் சுமக்கலாம் என்றாயே, அவனே சுமக்கட்டும். என் வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகச் சொல்லு. சுவர் வெளுக்கச் சொல்ல மாட்டேன். அந்தப் பொத்தான் ஐந்தையும் பெட்டிக்குள்ளேயே வை. கப்பலில் ஏற்றும்போது என்ன பொருள் என்று எழுதுவார்கள், தெரியவில்லை. இனி அழுகாது என்று சொல்லு.

இன்னும் ஒன்று உண்டு. அதை மட்டும் நான் யாரிடமும் நேராகக் கேட்கவில்லை. அல்போன்ஸிடம் ஐஸ் எவ்வளவு இருந்தது என்று கேட்டேன். பாதிக்குமேல் இருந்தது என்றான். ஐந்து நாள் தாங்கியிருக்குமா என்று கேட்டேன். அவன் தண்ணி குடிக்கப் போய்விட்டான். நீ அவனைப் பார்த்தவள். குளிப்பாட்டினவள், சட்டை போட்டவள், எலும்பு பொறுக்கினவள். எல்லாம் நீ பார்த்தாய், நான் ஒன்றும் பார்க்கவில்லை. அன்றைக்கு நான், "ஐஸிலயே கிடத்துலே, மீனோட மீனாட்டு கெடந்தாலும் சரி, ஊருக்குக் கொண்டு வா" என்று சொல்லியிருந்தால், என் பிள்ளையின் முகத்தை நானும் ஒரு தடவை பார்த்திருப்பேனா, கொச்சு?